விகடகவியைத் திருப்பிப் படிக்கத் தெரியாத கணிப்பொறி

'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் விகடகவிதான். இது நாம் சிறுவயதிலேயே கற்றுக்கொண்ட வேடிக்கை. தமிழில் இந்த வேடிக்கைக்கு 'மாலைமாற்று' என்று இலக்கணப் பெயரே உண்டு. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். ஒரு சொல்லைக் கொடுத்தால், அது மாலைமாற்றா இல்லையா என்று கணிப்பொறி சொல்ல வேண்டும். செய்முறை மிக எளிது. சொல்லைத் திருப்பிப் போடு. முதலில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் ஒன்றானால் 'ஆம்' என்று சொல். பைத்தான் மொழியில் இதற்கு ஒரு வரி போதும். 'மலையாளம்' என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், 'ஆம்' என்று பதில் வரும். சரியான பதில்தான்.

இப்போது தமிழ் எழுத்திலேயே 'விகடகவி' என்று கொடுங்கள். 'இல்லை' என்கிறது கணிப்பொறி! 'தாத்தா' என்று கொடுத்தாலும் 'இல்லை'. 'பாப்பா' என்றாலும் 'இல்லை'. குகனை அழைப்பது போல 'குக' என்று கொடுத்தால் மட்டும் 'ஆம்' என்கிறது. 'குக' என்பதைத் திருப்பினால் 'ககு' என்றல்லவா வரவேண்டும்? சரியானதைத் தவறென்றும், தவறானதைச் சரியென்றும் சொல்கிற இந்தக் கணிப்பொறிக்கு என்ன நேர்ந்துவிட்டது?

உண்மையில் அதற்கு ஒன்றும் நேரவில்லை. 'எழுத்து' என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதை அது எழுத்தாகக் கருதவில்லை. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன வேறுபாட்டினால் பட்டியல்களில் பெயர்கள் இடம் மாறுகின்றன. சில வேளைகளில் காணாமலே போய்விடுகின்றன. தமிழில் நிரல் எழுத நினைக்கும் எவரும், எந்த மொழியைக் கற்றாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது என்பது என் கருத்து. ஆனால் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே எழுதப்படுவதால், இது கடைசிவரை கண்ணில் படுவதில்லை.

பெட்டிக்குள் எழுத்து இருக்கும் விதம்

கணிப்பொறிக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதை அறிவீர்கள். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். 1991-இல் முதல் பதிப்பு வெளிவந்த யூனிக்கோடு என்னும் உலகப் பொது முறையில், தமிழுக்கு 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றைக் குறியெண்கள் என்போம். க-வுக்கு 2965, ம-வுக்கு 2990, ழ-வுக்கு 2996.

நம் எழுத்துகளோ 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவை 128 இடங்களில் எப்படி அடங்கும்? இங்கேதான் ஒரு சிக்கனம் செய்தார்கள். அகரம் ஏறிய க, ச, ட, த போன்றவற்றுக்கு மட்டும் எண் கொடுத்து, துணைக்கால், மேல்விலங்கு, கொம்பு, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனியே எண் கொடுத்துவிட்டார்கள். 'வி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு அது 'வ' என்ற 2997-உம், மேல்விலங்கு என்ற 3007-உம் அடுத்தடுத்து நிற்கும் ஒரு வரிசை. பழைய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் 'வா' என்பதற்கு வகர அச்சையும் கால் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் அல்லவா, ஏறக்குறைய அதே கதைதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அச்சுக் கோப்பவர் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் வைத்தார். யூனிக்கோட்டில் ககரம் முதலில், கொம்பு பிறகு. உச்சரிப்பு வரிசையே சேமிப்பு வரிசை. திரையில் கொம்பை இடப்பக்கம் தள்ளிக் காட்டுவது எழுத்துருவின் வேலை.

இனி விகடகவியைப் பாருங்கள். வ, மேல்விலங்கு, க, ட, க, வ, மேல்விலங்கு என ஏழு குறியெண்கள். இதைக் கணிப்பொறி திருப்பிப் போட்டால் மேல்விலங்கு முதலில் வந்து, தாங்க ஆளில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதனால்தான் 'இல்லை' என்ற பதில். 'குக' என்பதோ ககரம், உகரக்குறி, ககரம். திருப்பினாலும் அதுவேதான்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொரிய மொழிக்கு 11,172 அசை எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரப்பட்டிருக்கிறது. தமிழுக்கும் எழுத்துக்கு ஓர் எண் என்ற அடிப்படையில் 'டேஸ் 16' என்ற ஒரு முறை வகுக்கப்பட்டது உண்டு. ஆனால் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிக்கோட்டின் உறுதியான விதி. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கோப்புகள் இந்த எண்களில் எழுதப்பட்டுவிட்ட பின் வீட்டு எண்ணை மாற்றினால், தபால் எங்கே போய்ச் சேரும்? ஆகவே உள்ளதை வைத்துச் சரியாக வேலை வாங்கும் வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு சொல், மூன்று நீளம்

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? த, மி, ழ் என மூன்று என்பீர்கள். பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. சி மொழி 15 என்கிறது. கோ, ரஸ்ட் ஆகிய புதிய மொழிகளும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட், எலிக்ஸிர் போன்றவை நம்மைப் போலவே 3 என்கின்றன.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் துணியைக் கெஜத்தில் அளக்கிறார், ஒருவர் மீட்டரில் அளக்கிறார், ஒருவர் முழம் போடுகிறார். த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று குறியெண்களை எண்ணினால் 5. அந்தக் குறியெண்களை நினைவகத்தில் வைக்கும்போது 'யுடிஎஃப் 8' என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் இடத்தைப் பிடிக்கிறது. ஐமூன்று பதினைந்து. ஆங்கில எழுத்துக்கு இதே முறையில் ஒரே பைட் போதும். எனவே ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு மூன்று அளவுகளும் ஒன்றாகவே தெரியும். பிழை ஒளிந்துகொள்வது அங்கேதான்.

பி.எச்.பி. மொழி இந்த வகையில் ஒரு நல்ல ஆசிரியர். அதில் 'ஸ்ட்ர்லென்' என்று கேட்டால் 15, 'எம்பி ஸ்ட்ர்லென்' என்று கேட்டால் 5, 'கிராஃபீம் ஸ்ட்ர்லென்' என்று கேட்டால் 3. மூன்று அளவுகோலும் ஒரே கடையில் கிடைக்கின்றன. எதை எப்போது எடுப்பது என்பது நம் பொறுப்பு. வட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குப் பைட் கணக்கு. எழுத்துப் போட்டிக்கும், மாலைமாற்றுக்கும், திரையில் சொல்லை வெட்டிக் காட்டுவதற்கும் மூன்றாவது கணக்கு. நடுக் கணக்கு மனிதனுக்கு நேரடியாகப் பயன்படும் இடம் மிகக் குறைவு. பெரும்பாலான மொழிகள் அதையே முன்னால் எடுத்து நீட்டுவது ஒரு வேடிக்கை.

மூன்றாவது கணக்கைக் கையாலேயே எழுதிவிடலாம். குறியெண்களை வரிசையாகப் பாருங்கள். எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, அல்லது 3031 ஆக இருந்தாலோ, அது ஒட்டுக்குறி. முந்தைய எழுத்தோடு அதைச் சேர்த்துவிடுங்கள். மற்ற எந்த எண் வந்தாலும் புதிய எழுத்து தொடங்குகிறது. இவ்வளவே விதி. இப்படிப் பிரித்த துண்டுகளைத் திருப்பி அடுக்கினால் விகடகவியும் தாத்தாவும் தேறிவிடுவார்கள், 'குக' வெளியேறிவிடும்.

ஆனால் ஆங்கிலமும் இந்தியும் படக்குறிகளும் கலந்து வரும் உரைக்கு இந்தக் கைவிதி போதாது. அங்கே ஆயத்தக் கருவியை நாடுவதே அறிவுடைமை. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்பது அந்தக் கருவி. 2024 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஜாவா 9 முதல் அதன் தேடல் வாய்பாட்டில் பின்சாய்கோடு எக்ஸ் என்ற குறி முழு எழுத்து ஒன்றைப் பிடிக்கும். பைத்தானின் உள்ளமைந்த தேடல் தொகுதியில் அது இல்லை. 'ரீஜெக்ஸ்' என்ற வெளித் தொகுதியைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். 'க்ஷ' என்பதை இந்தப் பொதுக் கருவிகள் க், ஷ என இரண்டாகவே எண்ணும். அதை ஒன்றாக எண்ண விரும்புவோர் தாமே ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் உண்மையில் எண்ணுவது குறியெண்களை அல்ல, 16 பிட் கூறுகளை. பழைய தமிழ்க் கணக்கில் 320-இல் ஒரு பங்கான முந்திரி முதலிய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-இல் யூனிக்கோட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குப் பழைய 128 இடங்களில் இடமில்லாததால், 65,535-க்கும் மேற்பட்ட எண்கள் கிடைத்தன. ஆகவே ஒரே ஒரு முந்திரிக் குறிக்கு ஜாவா 2 என்று நீளம் சொல்லும். யுடிஎஃப் 8 முறையில் அதற்கு நான்கு பைட். மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில் வெறும் 'யுடிஎஃப் 8' என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட முறை மூன்று பைட்டோடு நின்றுவிடும். அதில் முந்திரியை வைக்க முடியாது. 2010-இல் வந்த 'யுடிஎஃப் 8 எம்பி 4' என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய நிலக் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்ற நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

பெயரின் வால் எங்கே?

'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 9 எழுத்து, 16 குறியெண், 48 பைட். ஒரு படிவத்தின் பின்னணியிலுள்ள தரவுதளத்தில் பெயருக்கு 20 என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 20 என்றால் எது? போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் அது 20 குறியெண். பெயர் முழுதும் அடங்கும். ஆரக்கிள் தரவுதளத்தில், நீங்கள் வேறுவிதமாகக் கேட்காவிட்டால், அது 20 பைட், பெயர் அடங்காது. ஆரக்கிள் 'முடியாது' என்று மறுத்துவிடும். பிழை உடனே தெரிந்துவிடுவதால் அது பரவாயில்லை.

மோசமானது, மறுக்காமல் பேசாமல் வெட்டிவிடும் நிரல். 20 பைட்டில் வெட்டினால் 'மீனாட்' வரை 18 பைட் போக, சகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் மிஞ்சும். அந்தக் குறைத்துண்டுதான் திரையில் கேள்விக்குறியோடு கூடிய கறுப்புச் சாய்சதுரமாக நம்மைப் பார்த்து விழிக்கிறது. ரஸ்ட் மொழியில் இப்படி நடுவில் வெட்ட முயன்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். கோ மொழியோ வெட்டிக் கையில் கொடுத்துவிடும். கண்டிப்பான வாத்தியார் நல்லவரா, இளகிய வாத்தியார் நல்லவரா என்று விவாதிப்பது போன்றது இது. பெயர் விஷயத்தில் என் வாக்கு கண்டிப்பானவருக்கே.

குறியெண் கணக்கில் வெட்டினால் சாய்சதுரம் வராது. அதனாலேயே அது இன்னும் ஆபத்து. 15 குறியெண்ணில் வெட்டினால் 'மீனாட்சிசுந்தரம' என்று கடைசிப் புள்ளி மட்டும் போய்விடும். பார்த்தவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். சான்றிதழில் அப்படி ஏறிவிட்டால், அதைத் திருத்த அலைய வேண்டியவர் மீனாட்சிசுந்தரம்தான், நிரல் எழுதியவர் அல்ல.

வெட்டியே தீரவேண்டும் என்றால் வழி இதுதான். முதலில் முழு எழுத்துகளாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், இடம் நிறையும் முன் நிறுத்துங்கள். பைட் கணக்கில்தான் இடம் இருக்கிறது என்றாலும் எழுத்தின் எல்லையில்தான் கத்தி விழ வேண்டும்.

அக்கா முதலா, அகம் முதலா?

அகராதியைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்: மெய்யெழுத்து முதலில், உயிர்மெய் பிறகு. 'அக்கா' வந்த பின்பே 'அகம்' வரும். கணிப்பொறியில் குறியெண் வரிசைப்படி அடுக்கினால் இது தலைகீழாகிறது. இரண்டு சொல்லிலும் அகரமும் ககரமும் பொது. மூன்றாவதாக 'அகம்' சொல்லில் மகரம், எண் 2990. 'அக்கா' சொல்லில் புள்ளி, எண் 3021. பெரிய எண் பின்னால் போகும். எனவே அகில், அகை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான் அக்கா வருகிறாள்.

மெய்களின் வரிசையும் பொருந்தவில்லை. நாம் க ங ச ஞ என்று தொடங்கி, ய ர ல வ ழ ள ற ன என்று முடிப்போம். யூனிக்கோட்டுத் தமிழ்ப் பகுதியோ, 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட 'இஸ்கி' முறையை ஒட்டி அமைந்தது. அதில் நகரத்தின் அருகே னகரம், ரகரத்தின் அருகே றகரம், லகரத்தை அடுத்து ளகரம், ழகரம், பிறகே வகரம். ஆகவே மயில், மரம், மலர், மழை, மறதி, மனம் என்று அகராதி முறையில் நிற்க வேண்டிய சொற்கள், குறியெண் முறையில் மனம், மயில், மரம், மறதி, மலர், மழை என்று நிற்கும். ஆறு சொல் உள்ள பட்டியலில் இது வேடிக்கை. ஆறாயிரம் பெயர் உள்ள பட்டியலில், தன் பெயர் இருக்க வேண்டிய பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டு, 'இல்லை போலிருக்கிறது' என்று திரும்பிப் போகிறவர் ஒருவராவது இருப்பார்.

பரிகாரம் என்ன? குறியெண்ணை ஒப்பிடாதீர்கள்; தரவரிசையை ஒப்பிடுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு எண்களாக மாற்றலாம். முதல் எண் மெய்யின் இடம்: க் 1, ங் 2, ச் 3 என்று ன் 18 வரை. இரண்டாவது எண் உயிரின் இடம்: புள்ளி என்றால் 0, அகரம் 1, ஆகாரம் 2 என்று ஔகாரம் 12 வரை. தனி உயிர்கள் மெய் எண் 0-இல் அடங்கும். ஆய்தத்தை அவற்றின் கடைசியில் 13 ஆக வைத்துக்கொள்ளலாம். 'அக்கா' என்பது 0-1, 1-0, 1-2. 'அகம்' என்பது 0-1, 1-1, 10-0. இடமிருந்து ஒப்பிட்டால் இரண்டாம் எழுத்திலேயே 1-0 சிறியது. அக்கா தன் இடத்துக்கு வந்துவிட்டாள்! ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கு 19 முதல் எண் கொடுத்துவிடுங்கள்.

இந்த எண் தொடருக்கு 'வரிசைத் திறவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் மொழிக்கு மொழி பழக்கம் வேறுபடுகிறது. சி மொழியின் 'கியூசார்ட்', ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' ஆகியவை, இரண்டு சொற்களைக் கொடுத்து 'எது முன்னால்?' என்று நம் நிரலை ஒவ்வொரு முறையும் கேட்கும். பத்தாயிரம் பெயர்களை அடுக்க ஏறத்தாழ 1,30,000 முறை கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு சொற்களுக்குத் திறவு கட்டினால் 2,60,000 முறை அதே வேலை. பைத்தான் வேறு வழியில் போகிறது. அடுக்கும் முன்பே ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை திறவு கட்டி வைத்துக்கொள்கிறது. பத்தாயிரத்தோடு வேலை முடிந்தது. இந்த வழி இல்லாத மொழியிலும் நாமே திறவையும் பெயரையும் இணைத்துக் கட்டி, அடுக்கிவிட்டு, பிறகு திறவைக் கழற்றிவிடலாம். பெர்ல் மொழியில் 1994-இல் ரேண்டல் ஷ்வார்ட்ஸ் என்பவர் காட்டிய இந்த உத்தி இன்றும் 'ஷ்வார்ட்ஸ் உருமாற்றம்' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பெயர் பயமுறுத்துகிறது; சங்கதி என்னவோ பரீட்சைத் தாளில் எண் எழுதிக் கட்டி அடுக்குவது போலத்தான்.

கையால் கட்ட நேரமில்லாதவர்களுக்கு 'ஐசியு' என்ற பொது நிரலகம் இருக்கிறது. தமிழ் அகராதி வரிசை அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. உலாவிகளில் 'இன்டல் கொலேட்டர்' என்ற கருவிக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் போதும்.

கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு

கடைசியாக, எல்லாவற்றிலும் பொல்லாத ஒன்று. 'பொன்னி' என்று ஒருவர் தட்டச்சுச் செய்கிறார். 'பொ' என்பதிலுள்ள ஒகரக்குறிக்கு 3018 என்று தனி எண் உண்டு. அதையே ஒற்றைக் கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் குறியெண்களை நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு இவை வெவ்வேறு பெயர்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு விதமாக ஏறிய பொன்னியை, மறு விதமாகத் தட்டித் தேடினால், 'அப்படி ஒருவரும் இல்லை' என்று பதில் வரும். மருந்துச் சீட்டும் பழைய சோதனை முடிவுகளும் உள்ளேதான் இருக்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. 'இயல்பாக்கம்' என்பார்கள், எல்லா இரட்டை வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல். பைத்தானில் 'யூனிக்கோடுடேட்டா' தொகுதி, ஜாவாவில் 'நார்மலைசர்', ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என எல்லா முக்கிய மொழிகளிலும் ஒரு வரியில் முடியும். 'என்எஃப்சி' என்ற வகையைக் கேட்டால் கொம்பும் காலும் சேர்ந்து 3018 ஆகிவிடும். செய்ய வேண்டிய இடம் வாசற்படி. பெயர் உள்ளே நுழையும்போதே இயல்பாக்கிவிட வேண்டும். தேடும் சொல்லையும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. மேலே சொன்ன வரிசைத் திறவும் இயல்பாக்கிய பின்புதான் சரியாக அமையும்.

ஆனால் இயல்பாக்கம் தீர்க்காதவையும் உண்டு. 'கௌரி' என்பதை அவசரத்தில் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதுவோர் பலர். கணிப்பொறிக்கு அது கெ, ள, ரி என்ற மூன்றெழுத்துச் சொல். 'ஔவை' எழுதும்போதும் இதே கூத்து. 'ஸ்ரீ' என்பதோ இன்னும் நுட்பமானது. ஸகரத்தில் தொடங்கி எழுதலாம். 2005-இல் சேர்க்கப்பட்ட வேறொரு சகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆனால் யூனிக்கோட்டின் கண்ணில் அவை வெவ்வேறு எழுத்துகள். எந்த இயல்பாக்கமும் அவற்றை ஒன்றாக்காது. ஒரே ஸ்ரீதர் இரண்டு ஸ்ரீதராக ஒரே பட்டியலில் இருக்க முடியும்.

இங்கே நிரலாளர் தாமே ஒரு மாற்று அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்: 'இது வந்தால் அதுவாகக் கொள்.' ஆனால் அந்த அட்டவணையைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். சேமித்த பெயரைத் திருத்தப் பயன்படுத்தாதீர்கள். 'கெளிறு' என்று ஒரு மீன் இருக்கிறது. அதைக் 'கௌிறு' ஆக்கிவிட்டு, மேல்விலங்கை எங்கே மாட்டுவது என்று விழித்தால், அந்த மீனைப் பிறகு எந்த வலையாலும் பிடிக்க முடியாது.